பழைய சக்தி 180 டி மினி டிராக்டர்: மலிவாக வரும் வண்டியின் எஞ்சினை எப்படி மதிப்பிடுவது

வாழைக்கும் தென்னைக்கும் இடையில் உழ அகலம் குறைந்த வண்டி வேண்டும், கையிருப்பு குறைவு என்று பழைய வண்டி தேடுகிறவர்கள் கண்ணில் அடிக்கடி படுவது வி.எஸ்.டி. சக்தி எம்.டி. 180 டி. 1967-இல் ஜப்பானின் மிட்சுபிஷியோடு கூட்டுச் சேர்ந்து தொடங்கிய நிறுவனத்தின் வண்டி. டிராக்டர் ஆலை ஓசூரில் இருக்கிறது. மூன்று சிலிண்டர், 900 சி.சி., தண்ணீரில் குளிரும் டீசல் எஞ்சின், 2700 சுற்றில் 18.5 குதிரைத்திறன். இந்த மதிப்புரை புது வண்டிக்கானது அல்ல. பல கை மாறி, பெயின்ட் அடித்து, "ரன்னிங் கண்டிஷன்" என்று சொல்லி விற்கப்படும் பழைய வண்டிக்கானது.

நல்ல நிலையில் இருந்தால் இது அருமையான எஞ்சின். மகிந்திரா யுவராஜ் 215, ஸ்வராஜ் 717 போன்ற ஒற்றைச் சிலிண்டர் வண்டிகளின் அதிர்வு இதில் கிடையாது. ரோட்டாவேட்டரை மண்ணில் இறக்கினாலும் சுற்று சீராக நிற்கும். ஆனால் ஒரு சிலிண்டருக்கு 300 சி.சி. என்பது சின்ன போர், அதாவது பிஸ்டன் ஓடும் துளை சின்னது. பெரிய டிராக்டர் எஞ்சின் தாங்கும் தூசியையும் சூட்டையும் இது தாங்காது. வேலை வந்தால் மூன்று பிஸ்டன், மூன்று செட் ரிங், டீசலைப் பீய்ச்சும் மூன்று நாசில் என்று எல்லாமே மூன்று மடங்கு. ஒற்றைச் சிலிண்டர் வண்டிக்கு ஆகும் செலவை மனதில் வைத்து இதற்குக் கணக்குப் போடக் கூடாது.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். இதில் டீசல் நேராகப் பிஸ்டன் தலையில் பாய்வதில்லை. சிலிண்டரின் மேல் மூடியான ஹெட்டுக்குள் இருக்கும் சின்ன அறையில் பாய்ந்து, அங்கே பற்றிக்கொண்டு கீழே வருகிறது. அந்த அறையின் சுவர் காற்றின் சூட்டை உறிஞ்சிவிடும் என்பதால்தான் ஹீட்டர் பிளக் வைத்திருக்கிறார்கள். எஞ்சின் நன்றாக இருந்தாலும் ஹீட்டர் வேலை செய்யாவிட்டால் காலையில் எழாது. கம்ப்ரஷன், அதாவது பிஸ்டன் காற்றை அழுத்தும் அழுத்தம், இறங்கிய எஞ்சினும் காலையில் எழாது. பழைய மினி டிராக்டரில் ஏமாற்றமும் சரி, நல்ல பேரமும் சரி, இந்த இரண்டையும் பிரித்துத் தெரிந்துகொள்வதில்தான் இருக்கிறது.

அதனால் முதல் நிபந்தனை: வண்டியை நாம் போய்ச் சேரும்வரை கிளப்பக் கூடாது. முந்தின நாளே சொல்லிவிடுங்கள். போனதும் பேசுவதற்கு முன்னால் ரேடியேட்டரையும் சைலன்சர் அடியையும் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் அன்றைக்குச் சோதனை இல்லை, வேறு நாள் வருகிறோம் என்று கிளம்பிவிடலாம். சூடான எஞ்சின் எல்லாக் குறையையும் மறைத்துவிடும்.

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே ரேடியேட்டர் மூடியைத் திறங்கள். தண்ணீர்மேல் எண்ணெய்ப் படலம் மிதந்தால் ஹெட் கேஸ்கெட்டோ ஹெட்டோ போயிருக்கலாம். செங்கல் நிறத்தில் சேறு இருந்தால் கூலன்ட் ஊற்றாமல் வருஷக்கணக்கில் போர்வெல் தண்ணீரில் ஓட்டியிருக்கிறார்கள் என்று பொருள். உப்புத் தண்ணீர் ஊர்களில் இது சாதாரணம். பிளாக்குக்குள் உப்புப் படிந்தால், வெளியே ரேடியேட்டரைக் கழுவினாலும் கடைசிச் சிலிண்டர் பக்கம் சூடு இறங்காது.

அடுத்து ஆயில் மட்டம் பார்க்கும் கோலான டிப்ஸ்டிக். ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. மட்டம் மேல் கோட்டைத் தாண்டி, ஆயில் தண்ணியாக, மோந்தால் டீசல் வாடை அடித்தால் டீசல் கீழே ஆயில் நிற்கும் சம்புக்கு இறங்குகிறது. டீசல் பம்பு எஞ்சின் உடம்பிலேயே உட்கார்ந்து கேம் ஷாஃப்டால் ஓடும் சின்ன எஞ்சின்களில், டீசலை அழுத்தித் தள்ளும் பம்பு எலிமென்ட் தேய்ந்தால் கசிவு நேராக ஆயிலுக்குள்தான் போகும். அந்த ஆயிலோடு ஓட்டினால் பேரிங் சீக்கிரம் போய்விடும். ஆயில் தேன் நிறத்தில் பளபளவென்று இருக்கிறதா? அதுவும் சந்தேகத்துக்கு உரியதே. டீசல் எஞ்சினில் ஊற்றிய ஆயில் சில மணி நேர ஓட்டத்திலேயே கறுத்துவிடும். தேன் நிறம் என்றால் விற்பதற்காக நேற்று மாற்றியது. விரலிடுக்கில் தேய்த்துப் பாருங்கள், வழக்கத்தைவிடப் பிசுபிசுவென்று கெட்டியாக இருந்தால் புகையையும் சத்தத்தையும் அடக்கக் கெட்டி ஆயில் ஊற்றியிருக்கிறார்கள்.

இனி, பலரும் பார்க்காமல் விட்டுவிடும் இடம். ஏர் கிளீனரிலிருந்து எஞ்சினுக்குப் போகும் ரப்பர் ஹோஸைக் கழற்றுங்கள். கிளிப்பைத் தளர்த்தினால் வந்துவிடும், இரண்டு நிமிட வேலை. எஞ்சின் பக்கத்து வாய்க்குள் வெள்ளைத் துணி சுற்றிய விரலை விட்டுத் துடைத்து எடுங்கள். லேசான எண்ணெய்ப் பசை இருந்தால் பரவாயில்லை. செம்மண் நிறத்தில் நறநறவென்று தூசி வந்தால் அந்த எஞ்சின் மண்ணைத் தின்றிருக்கிறது. மினி டிராக்டர் காய்ந்த மண்ணில், தன் ரோட்டாவேட்டர் கிளப்பும் புழுதிக்குள்ளேயே, மெதுவாக மணிக்கணக்கில் ஓடும் வண்டி. ஹோஸில் ஒரு கீறல், ஒரு லூஸ் கிளிப், கம்ப்ரசர் காற்றை நெருக்கமாகப் பிடித்து அடித்ததில் கிழிந்த ஃபில்டர் தாள், ஆயில் பாத் வகையானால் காய்ந்துபோன கிண்ணம், இதில் ஏதாவது ஒன்று போதும். மண் துகள் மேல் ரிங்கையும் அது உட்காரும் பள்ளத்தையும் போரின் மேல்பகுதியையும் உப்புத்தாள் போலத் தேய்த்துவிடும். அந்த எஞ்சினுக்கு நாசில் மாற்றியும் பயனில்லை, ஹீட்டர் மாற்றியும் பயனில்லை. போர் வேலைதான். ஆகவே ஹோஸுக்குள் மண் வந்தால், இனிச் சொல்லப்போகும் சோதனைகள் எல்லாம் நன்றாக வந்தாலும் பேரத்தில் முழு எஞ்சின் வேலையைக் கழித்துக்கொண்டே பேசுங்கள்.

ஹோஸை மாட்டுவதற்கு முன் மோந்தும் பாருங்கள். பெட்ரோல் வாடையோ ஸ்ப்ரே வாடையோ வந்தால் வண்டியை அப்படித்தான் எழுப்பி வந்திருக்கிறார்கள். ஹீட்டர் பிளக் உள்ள எஞ்சினில் இது ஆபத்தான பழக்கம். பழுத்த பிளக் முனையில் பட்டு முன்கூட்டியே வெடித்தால் பிஸ்டனில் ரிங் பள்ளங்களுக்கு இடையிலுள்ள விளிம்பு உடையும், ரிங் முறியும்.

சாவியை ஆன் செய்ததும் ஆயில் விளக்கு எரிய வேண்டும். எரியவில்லை என்றால் பல்பு போயிருக்கலாம், ஒயரைப் பிடுங்கியும் விட்டிருக்கலாம். ஸ்டாப் நாபை இழுத்துப் பிடித்தபடி, டீசல் போகாமல், ஐந்தாறு விநாடி செல்ஃப் அடிக்கச் சொல்லிக் காது கொடுங்கள். மூன்று சிலிண்டரும் சமமாக இருந்தால் செல்ஃபின் முனகல் ஒரே தாளத்தில் வரும். மூன்றில் ஒரு அடி மட்டும் லேசாக, தடுக்கி ஓடியதுபோல் வந்தால் அந்தச் சிலிண்டரில் கம்ப்ரஷன் இல்லை. கருவி எதுவும் இல்லாமல் செய்யக்கூடிய சோதனைகளில் இதற்கு இணை இல்லை. பாட்டரி மட்டும் நன்றாக இருக்க வேண்டும்.

இப்போது ஹீட்டரைப் பத்துப் பதினைந்து விநாடி பிடித்துவிட்டு எழுப்புங்கள். நம் ஊர் வெயிலில், 28, 30 டிகிரியில், சீரான எஞ்சின் இரண்டு மூன்று சுற்றில் பிடித்துக்கொள்ளும். பத்து விநாடிக்கு மேல் செல்ஃப் அடித்தும் சைலன்சரில் வெள்ளைப் புகை மட்டும் வந்தால் டீசல் போகிறது, பற்றவில்லை. உடனே ஹீட்டரைச் சோதியுங்கள். மூன்று பிளக்கையும் இணைக்கும் பட்டையைக் கழற்றிவிட்டு, பாட்டரி பாசிட்டிவிலிருந்து டெஸ்ட் லேம்பைப் பிளக் முனையில் தொட்டால் விளக்கு எரிய வேண்டும். மீட்டர் இருந்தால் ஒரு ஓம் பக்கம் காட்டும். ஒன்றும் காட்டாத பிளக் போய்விட்டது. மூன்றும் போயிருந்தால் மகிழ்ச்சி, சின்னச் செலவில் சரியாகும் வண்டியாக இருக்க வாய்ப்பு உண்டு. மூன்றும் நன்றாக இருந்தும், பட்டை வரை மின்சாரம் வந்தும் எழவில்லையா, கம்ப்ரஷனைத்தான் பார்க்க வேண்டும்.

எழுந்தபின் முதல் ஒரு நிமிடம் ரேடியேட்டர் மேல் ஹோஸைக் கையால் அழுத்திப் பிடித்திருங்கள். தண்ணீர் சூடாவதற்கு முன்பே ஹோஸ் கல்லாக விறைத்தால் சிலிண்டர் காற்று தண்ணீருக்குள் ஏறுகிறது. மூடியைத் திறந்துவைத்தே எழுப்பியிருந்தால் குமிழி விடாமல் வருவது தெரியும். கேஸ்கெட் மட்டும் போயிருந்தால் சின்ன வேலை. ஹெட் வளைந்திருந்தால் லேத்தில் ஃபேசிங், அதாவது பரப்பைச் சமமாக்கும் வேலை, செய்யலாம். நேர்க்கோல் வைத்து ஃபீலர் கேஜ் 0.1 மி.மீ. நுழைந்தால் ஃபேசிங் கட்டாயம். இரண்டு வால்வுகளுக்கு நடுவிலோ வால்வுக்கும் சின்ன அறைக்கும் நடுவிலோ வெடிப்பு விழுந்திருந்தால் ஹெட்டையே மாற்ற வேண்டியிருக்கும். கழற்றாமல் இதைச் சொல்ல முடியாது என்பதால், குமிழி வந்தால் ஹெட் விலையையும் சேர்த்தே கணக்கிடுங்கள்.

புகையைப் பற்றி ஆளுக்கொரு கதை சொல்வார்கள். எழுந்தவுடன் நீலமாக அடித்து ஒரு நிமிடத்தில் நின்றால் வால்வு கைடு, வால்வு சீல். லோடு ஏற ஏற நீலம் கூடினால் ரிங். எந்நேரமும் வெள்ளை, கண் எரியும் டீசல் வாடை என்றால் ஏதோ ஒரு சிலிண்டர் பற்றவில்லை. வாடை இல்லாத ஈர வெள்ளை நிற்காமல் வந்தால் தண்ணீர். கறுப்புப் புகைக்கு மட்டும் பம்பையும் பாருங்கள். பம்பின் அட்ஜஸ்ட் ஸ்குருவில் கம்பியும் ஈயச் சீலும் அப்படியே இருக்கிறதா? சீல் உடைந்திருந்தால், வலு குறைந்த எஞ்சினுக்கு டீசலைக் கூட்டி வலு காட்டியிருக்கிறார்கள். வாங்கியபின் அந்தச் சூட்டுக்குப் பிஸ்டன் விலை கொடுப்பது நீங்கள்தான்.

எஞ்சின் சூடானதும் ஆயில் ஊற்றும் மூடியைத் திருகித் தலைகீழாக அந்த வாய்மேலேயே வையுங்கள். ஐடிலில் லேசாக ஆடினால் பரவாயில்லை. துள்ளி விழுந்தாலோ, ரேஸ் செய்யும்போது எஞ்சின் உள்காற்று வெளியேறும் குழாயான பிரீதரில் ரயில் எஞ்சின் மாதிரி புகை விட்டு விட்டுத் தள்ளினாலோ பேக் கம்ப்ரஷன் அடிக்கிறது, அதாவது சிலிண்டர் காற்று ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்குகிறது. பிரீதர் குழாயைக் கழற்றித் துணியால் அடைத்து வைக்கும் ஆட்களும் உண்டு. குழாய் முனை எங்கே போகிறது என்று கண்ணால் பாருங்கள்.

எந்தச் சிலிண்டர் என்று கண்டுபிடிக்க நாசில் பைப் நட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்த வேண்டும். பெரும்பாலும் 17-ஆம் நம்பர் ஸ்பேனர் சரியாக இருக்கும். ஐடிலில் ஓடும்போது ஒன்றைக் கால் சுற்று தளர்த்தினால் எஞ்சின் தடுமாற வேண்டும், மூன்றுக்கும் ஒரே அளவு தடுமாற்றம் வேண்டும். எதைத் தளர்த்தினால் மாற்றமே இல்லையோ அதுதான் வேலை செய்யாத சிலிண்டர். எதைத் தளர்த்தினால் புகையோ தட்டும் சத்தமோ அடியோடு நிற்கிறதோ, அந்த நாசில்தான் குற்றவாளியாக இருக்கும். துணியால் மூடிக்கொண்டு, கண்ணாடி போட்டுக்கொண்டு செய்யுங்கள். பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், விரலை வைத்து அடைக்க முயலவே கூடாது. பிறகு அந்த நாசிலைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றிப் போடுங்கள். குறையும் கூடவே போனால் நாசில், டீசல் பம்ப் சர்வீஸ் கடையில் முடியும் வேலை. அங்கேயே நின்றால் கம்ப்ரஷன்.

விலை கொஞ்சம் பெரிதாக இருந்தால் கம்ப்ரஷன் கேஜ் வைத்திருக்கும் மெக்கானிக்கைக் கூட்டிப் போங்கள். பெட்ரோல் வண்டி கேஜ் உதவாது, 600 பி.எஸ்.ஐ. வரை காட்டும் டீசல் கேஜும் ஹீட்டர் துளைக்கு ஏற்ற அடாப்டரும் வேண்டும். மூன்று பிளக்கையும் கழற்றி, டீசலை நிறுத்தி, ஏர் ஹோஸைத் திறந்து, முழு சார்ஜ் பாட்டரியில் செல்ஃப் அடிக்க வேண்டும். ஒப்பிட ஓர் அளவுகோல்: இதே வகையைச் சேர்ந்த, கொஞ்சம் பெரிய மூன்று சிலிண்டரான குபோட்டா டி 1105 எஞ்சினுக்குச் சரியான அளவு 412 முதல் 469 பி.எஸ்.ஐ., கடைசி எல்லை 327. சிலிண்டருக்குச் சிலிண்டர் வித்தியாசம் 10 சதவீதத்துக்குள். 180 டியில் மூன்றும் 400-ஐ ஒட்டி வந்தால் தைரியமாக வாங்கலாம். மூன்றும் 330 பக்கம் சமமாக இறங்கியிருந்தால் தேய்மானம். இரண்டு நன்றாக இருந்து ஒன்று மட்டும் விழுந்திருந்தால் வால்வு, கேஸ்கெட், உடைந்த ரிங் இவற்றில் ஒன்று.

குறைந்த சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்க்கும் பழக்கம் உண்டு. அளவு ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு என்பார்கள். இந்தச் சின்ன எஞ்சினில் அது ஏமாற்றும். 300 சி.சி. சிலிண்டர், கம்ப்ரஷன் விகிதம் 22, 23 என்றால் பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது மிஞ்சும் இடம் 14 சி.சி. பக்கம்தான். அதில் 5 சி.சி. ஆயில் போனால் இடம் மூன்றில் ஒன்று குறைந்து, ரிங் நன்றாக இருந்தாலும் அளவு ஏறிவிடும். அதிகம் விட்டால் ஆயிலே அடைத்துக்கொண்டு கனெக்டிங் ராடு வளையும். ஒன்று, ஒன்றரை சி.சி. போதும். விட்டபின் பிளக் துளை திறந்திருக்க நாலு சுற்று சுற்றிவிட்டுப் பிறகு கேஜை மாட்டுங்கள்.

அடிப்பக்கத்துக்கு ஆயில் பிரஷர்தான் சாட்சி. ஆயில் ஸ்விட்ச்சைக் கழற்றி அந்த இடத்தில் மீட்டர் கேஜ் மாட்டி, எஞ்சின் நன்கு சூடானபின் பாருங்கள். அதே டி 1105-க்கு ஐடிலில் 7 பி.எஸ்.ஐ.க்குக் கீழே போகக் கூடாது, முழுச் சுற்றில் 28 முதல் 64 வரை இருக்க வேண்டும். குளிரில் 60 காட்டிச் சூட்டில் ஐடிலுக்கு 5 என்று விழுந்தால் மெயின் பேரிங், பிக் எண்ட் பேரிங் தேய்ந்திருக்கின்றன, அல்லது ஆயில் பம்பு. அப்படியே முன்பக்கம் கிராங்க் புல்லியைப் பார்த்தபடி, எஞ்சின் நின்றிருக்க, வேறொருவரைக் கிளட்ச்சை அழுத்தி விடச் சொல்லுங்கள். புல்லி முன்னும் பின்னும் கண்ணுக்குத் தெரியும்படி நகர்ந்தால், அரை மில்லிமீட்டர் தாண்டினாலே, கிராங்க் முன்பின் நகராமல் பிடிக்கும் திரஸ்ட் வாஷர் போய்விட்டது. கிளட்ச் பெடலில் எந்நேரமும் கால் வைத்து ஓட்டிய வண்டிகளில் இது வரும். விட்டுவைத்தால் கிராங்க்கையும் பிளாக்கையும் தின்றுவிடும்.

கடைசியாக ரோட்டாவேட்டரை மாட்டி அரை மணி நேரம் உழச் சொல்லுங்கள். வெறும் ஓட்டத்தில் எதுவும் தெரியாது. வெப்ப முள் நடுவிலேயே நிற்கிறதா, வலு போகப் போகக் குறைகிறதா என்று கவனியுங்கள். சுற்று மேலும் கீழும் அலைந்தால் பயப்படாதீர்கள், பெரும்பாலும் டீசல் லைனில் ஏர் எடுப்பதும் அடைந்த ஃபில்டரும்தான். உழுது முடித்ததும் நிறுத்தி, ஐந்து நிமிடம் கழித்து மறுபடி எழுப்புங்கள். குளிரில் நன்றாக எழுந்து, சூட்டில் எழ மறுத்தால் டீசல் பம்பு எலிமென்ட் தேய்ந்திருக்கிறது. சூட்டில் டீசல் இளகி, தேய்ந்த இடைவெளி வழியே நழுவி, செல்ஃப் வேகத்தில் நாசிலைத் திறக்கும் அழுத்தம் சேர்வதில்லை. பம்பு வேலை இந்த எஞ்சினில் செலவு பிடிக்கும் வேலை.

ஹவர் மீட்டரை நம்ப வேண்டாம், கேபிளைக் கழற்றிவிட்டு ஓட்டியிருக்கலாம். பெடல் தேய்மானமும், ரோட்டாவேட்டரைச் சுழற்றும் பி.டி.ஓ. ஷாஃப்ட் பற்களும் உண்மையைச் சொல்லும். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எஞ்சின் நம்பர் பிளாக்கில் அடித்த நம்பரோடு ஒத்துப்போகிறதா, கடன் ரத்தாகியிருக்கிறதா என்பதைப் பணம் கொடுப்பதற்கு முன் பாருங்கள். மானியத்தில் எடுத்த வண்டியானால் விற்கத் தடை ஏதும் உண்டா என்று வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

எதை வாங்கலாம்? ஹீட்டர் போனது, நாசில் கெட்டது, ஏர் எடுப்பது, வாட்டர் பம்பு ஒழுகுவது, வால்வு சீல் போய்க் காலையில் நீலப்புகை விடுவது, இவை எல்லாம் விலையைக் குறைக்கக் கிடைத்த காரணங்கள். இப்படிப்பட்ட 180 டி-யைத் துணிந்து எடுக்கலாம். ஹெட் கேஸ்கெட் போன வண்டியை ஹெட் விலையைக் கழித்து எடுக்கலாம். மூன்று சிலிண்டரிலும் கம்ப்ரஷன் சமமாக இறங்கி, ஆயில் பிரஷர் மட்டும் நன்றாக இருந்தால் பிஸ்டன், ரிங், போர், வால்வு வேலைக்கு உங்கள் ஊர் லேத் பட்டறையில் முதலில் விலைப்பட்டியல் வாங்கி, அதைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். உதிரி பாகம் கிடைப்பதில் இந்த வண்டிக்குப் பெரிய தொல்லை இல்லை, அது இதன் பலம்.

ஹோஸில் மண்ணும் சூட்டில் விழும் ஆயில் பிரஷரும் சேர்ந்தே இருக்கும் வண்டியை எந்த விலைக்கும் எடுக்காதீர்கள். மேலேயும் கீழேயும் ஒன்றாகப் போன எஞ்சின் அது. கிராங்க் அரைத்து, பேரிங் மாற்றி, போர் அடித்து, பம்பும் பார்த்து முடிக்கும்போது கொடுத்த பணமும் வேலைப் பணமும் சேர்ந்து, நன்றாக ஓடும் வேறொரு 180 டி-யின் விலையைத் தாண்டியிருக்கும். அதே போல டிரெய்லரில் செங்கலும் மணலும் இழுத்த வண்டி என்று தெரிந்தால் கம்ப்ரஷனும் ஆயில் பிரஷரும் கேஜில் பார்க்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம். 18.5 குதிரைத்திறன் தோட்டத்துக்குள் உழவும் மருந்தடிக்கவும் போதுமானது, ரோட்டில் பாரம் இழுக்கப் போதாது.